வெங்காயக் காட்டில் பத்துக் கட்டளை

போன மாதம் ஊழியர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, நான் பார்த்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் ஜெசி தன் போனை என்னிடம் நீட்டினாள். வசனம் மனப்பாடம் செய்வதற்கென்றே அதில் ஒரு ஆப் இருக்கிறது. முதலில் வசனத்தை முழுதாகக் காட்டுகிறது. பிறகு ஒவ்வொரு சொல்லாக மறைக்கிறது. நாம் சொன்னதில் எது தப்போ அதைச் சிவப்பில் காட்டுகிறது. நானும் வேதத்திலுள்ள ஒரு சங்கீதத்தைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் சிவப்பு விழுந்தது. முப்பத்தொரு வருஷம் இதே வேலையைப் பார்த்தவளுக்கு இரண்டு சிவப்பு! ஜெசி மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தாள்.

"இதெல்லாம் இல்லாம எப்படிம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஆப் நல்ல சாமான்தான், அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேட்டாளே என்று எழுதுகிறேன்.

எங்கள் சபையில் என் வேலைக்குப் பெயர் 'பைபிள் உமன்'. ஊரில் எல்லோருக்கும் 'பைபிளம்மா'. பத்துப் பன்னிரண்டு கிராமத்துச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அதற்கு ஒரு ஐயர், அதாவது போதகர். அவருக்குக் கீழே நான். பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்கள் முதல் அரியலூர் தாண்டிச் சில ஊர்கள் வரைக்கும் எங்கள் சேகரம் நீண்டிருந்தது. முதலில் பஸ், பிறகு சைக்கிள், கடைசிப் பதினைந்து வருஷம் டிவிஎஸ் வண்டி. இரண்டு வருஷம் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். அங்கே வேதம் சொல்லித் தந்தார்கள், ஆர்மோனியம் சொல்லித் தந்தார்கள், வெள்ளைச் சேலையை நேராகக் கட்டவும் சொல்லித் தந்தார்கள். மறக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை ஊர் ஊராகப் போய்த் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் தப்பு ராகம். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சபையில் பதினொரு பேரைத் திடப்படுத்தலுக்குத் தயார் செய்தேன். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் விசுவாசத்தைத் தம் வாயால் சொல்லி, பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்து, நற்கருணைக்குச் சேர்க்கப்படுவதுதான் திடப்படுத்தல். அதற்கு முன்னால் ஐயரிடம் பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் ஒரு சங்கீதமும் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மெட்டுப் போட்டு ஒரே வாரத்தில் பாட வைத்துவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. அப்போதிருந்த ஐயர் வந்தார். "சங்கீதத்தை நாலாவது வசனத்துல இருந்து சொல்லுங்க" என்றார். ஒருவராலும் முடியவில்லை. பதினொரு பேரும் முதல் வசனத்தில் தொடங்கி வாய்க்குள் முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்து நாலாவதில் சத்தத்தைக் கூட்டினார்கள். ஐயர் சிரிக்கவில்லை. "மெட்டைப் படிச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அன்றோடு ராகத்தை விட்டேன்.

பிறகு விரல் கணு. ஒரு விரலுக்கு மூன்று கணு, ஒரு கணுவுக்கு ஒரு வாக்கியத் துண்டு. எழுத்தே தெரியாதவர்களுக்கு இது கைகொடுக்கும். எழுத்துத் தெரிந்தவர்களுக்குப் பலகை. வசனத்தைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் ஒருமுறை வாசித்ததும் ஒரு சொல்லை அழிப்பேன். மறுபடி வாசித்ததும் இன்னொன்று. கடைசியில் வெறும் பலகையைப் பார்த்தே முழு வசனத்தையும் வாசிப்பார்கள். ஜெசியின் ஆப் செய்வதும் இதைத்தான். எல்லாவற்றிலும் பலமானது கடைசித் துண்டை முதலில் கற்பிப்பது. பிறகு அதற்கு முந்தியதையும் கடைசியையும் சேர்த்து, பிறகு அதற்கும் முந்தியது. இப்படிப் படித்தவர்களுக்குச் சொல்லச் சொல்லத் தெரிந்த இடத்துக்குள் போவதுபோல் இருக்கும், பயம் குறையும். ஆனால் பொறுமை வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பொறுமைக்கு நேரம் கிடையாது.

இனி ஒரு ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆறு ஐயர்மாரிடம் வேலை பார்த்தேன். இவர் நான்காமவர், எங்கள் சேகரத்தில் ஒன்பது வருஷம் இருந்தார். குள்ளமான மனிதர், குரல் மட்டும் கனம். ஒப்பிப்பதைக் கேட்க உட்கார்ந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். பிறகு கண்ணாடி. பிறகு வேதப் புத்தகத்தை மூடி ஒரு ஓரமாகத் தள்ளுவார். கையில் ஒரு பென்சில். கண்ணை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் ஒரு சொல்லை மாற்றினாலோ விட்டாலோ நின்றாலோ, பென்சில் மேலே எழும்பும். வாய் திறக்க மாட்டார். தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். பென்சில் மூன்றாம் முறை எழுந்தால் கண்ணைத் திறந்து, "அடுத்த தடவை பாப்போம். டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார். தேறினாலும் டீ உண்டு, தேறாவிட்டாலும் டீ உண்டு. யாருக்கும் அடி எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

ஒருமுறை ஒரு தலைமை ஆசிரியர், படித்தவர், கட்டளைகளைத் தன் சொந்த நடையில் அழகாகச் சொன்னார். பென்சில் எழுந்தது. "பொருள் சரிதானே ஐயா?" என்று அவர் கேட்டார். "பொருள் உங்களோடது சார். வார்த்தை உங்களோடது இல்லையே" என்றார் ஐயர். தலைமை ஆசிரியர் டீ குடிக்காமல் போய்விட்டார். கொஞ்சம் இரக்கம் இருந்தால் என்ன என்று எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அவரிடம் தேறியவர்கள் யாரும் பேராயர் முன்னால் தடுமாறியதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஐயர் காலத்தில்தான் செல்லக்கண்ணு வந்தாள்.

முப்பத்தாறு வயது. புருஷன் செத்து ஏழு வருஷம். பிள்ளை இல்லை. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயக் காடுகளில் கூலி வேலை. ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தாவீது ஜெயங்கொண்டத்துக்காரர், பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம், மனைவியை இழந்தவர், ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பிடிக்காதவர் தாவீதின் அம்மா. "நேத்து ஞானஸ்நானம் எடுத்தவ. திடப்படுத்தல் எடுக்கட்டும். கட்டளை பத்தும் தெரியாத மருமகளை வூட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று அந்தம்மா சொல்லி அனுப்பிவிட்டார். சபை விதியும் அதுதான். திடப்படுத்தல் எடுக்காதவருக்குக் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிற அறிவிப்பு, வாசிக்க மாட்டார்கள்.

பேராயர் எங்கள் சேகரத்துக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் வந்தார். அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். தாவீதின் அம்மா ஒரு வருஷம் காத்திருக்கிற ஆள் இல்லை. வேறு இரண்டு இடத்தில் பெண் பார்த்து வைத்திருக்கிறார் என்பது எனக்கே தெரியும்.

"அவ்வளவு முக்கியமா இந்தச் சம்பந்தம்?" என்று செல்லக்கண்ணுவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

அவள் மறைக்கவில்லை. "ஏழு வருஷமா நான் சாப்பிட்டனான்னு ஒருத்தரும் கேட்டதில்லைங்கம்மா. அவரு ஒரு நாளு ரோட்டுல லாரிய நிறுத்திட்டு, வேற எதுவும் பேசாம, அதைத்தான் கேட்டாரு. எனக்கு இவரு வேணும்" என்றாள்.

விரல் கணுவில் தொடங்கினேன். வரவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு கட்டளை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் என் முன்னால் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். "சும்மா உக்காந்தா தூக்கம்தான் வருது. கையில வேலை இருந்தாத்தான் வாயி வரும்" என்றாள். சரி, வேலை செய்கிற இடத்துக்கே போய்விடுவோம் என்று வண்டியை எடுத்தேன்.

அது வெங்காயம் பிடுங்குகிற காலம். பிடுங்கிக் காயப்போட்ட வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரிந்து தள்ள வேண்டும். வேப்பமர நிழலில் ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைச் செய்வார்கள். செல்லக்கண்ணு வரிசையின் முதல் ஆள். மற்ற எட்டுப் பேரும் இந்துப் பெண்கள், கோயில் திருவிழா என்றால் முதலில் கிளம்புகிறவர்கள். கடைசி ஆள் அஞ்சலை, ஐம்பது தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம். நான் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சொல்வேன், செல்லக்கண்ணு திருப்பிச் சொல்வாள். இரண்டு நாளில் அஞ்சலைக்கு அலுத்துவிட்டது.

"ஏம்மா, அவளையே போட்டு வறுக்குற? நாங்களும் வாய வெச்சுக்கிட்டுத்தான இருக்கோம்? ஆளுக்கு ஒண்ணு குடு" என்றாள்.

கொடுத்தேன். அங்கேதான் நான் சறுக்கினேன். ஆனால் அன்று அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! முதல் கட்டளை செல்லக்கண்ணுவுக்கு. இரண்டாவது அடுத்தவளுக்கு. இப்படியே போய் ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கட்டளை, அஞ்சலைக்கு. பத்தாவது சுற்றி வந்து மறுபடி செல்லக்கண்ணுவுக்கு. நான்காவது கிடைத்தவளுக்கு மட்டும் கோபம். ஓய்வுநாள் கட்டளை நீளமானது. "எனக்கு மட்டும் ஏன்டி முழ நீளத்துக்கு?" என்றாள். என்ன சொல்கிறது அது என்று கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் யாரும் வேலை செய்யக் கூடாது, வேலைக்காரியும் கூடாது என்றேன். "அப்படியா! இதை முதலாளிகிட்ட ஒருக்கா சொல்லுங்கம்மா" என்று ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பத்து நாளில் கட்டளைகள் தண்ணீர்பட்ட பாடு. விசுவாசப் பிரமாணத்தையும், கல்யாணத்தில் வாசிக்கிற நூற்றிருபத்தெட்டாம் சங்கீதத்தையும் ஒன்பது பேரும் சேர்ந்தே சொன்னார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து, கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. கட்டளை செல்லக்கண்ணுவின் குரலில் தொடங்கியது, செல்லக்கண்ணுவின் குரலில் முடிந்தது. நடுவில் யார் வாய் அசைந்தது என்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. 'தேறிவிட்டாள்' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பேராயர் வருவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஐயரிடம் கூட்டிப் போனேன். கடிகாரம், கண்ணாடி, புத்தகம், பென்சில். சங்கீதமும் பிரமாணமும் தடை இல்லாமல் வந்தன. "கட்டளை" என்றார் ஐயர். செல்லக்கண்ணு முதல் கட்டளையைச் சொன்னாள். நிறுத்தினாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

பென்சில் எழுந்தது.

மறுபடி முதல் கட்டளை. மறுபடி இடது பக்கம் திரும்பினாள். மூன்றாவது முறையும் அப்படியே. அவள் தலை திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தவள் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்! காதால் கேட்டால் சரியா தப்பா என்று சொல்லிவிடுவாள், தானாக எடுத்துச் சொல்ல அவளை நான் பழக்கவே இல்லை. கேட்டறிவது வேறு, தானே எடுத்துச் சொல்வது வேறு என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவள் நான்.

"அடுத்த தடவை பாப்போம். டீ..." என்று ஐயர் தொடங்கினார்.

"ஐயா, தப்பு என்னோடதுங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, "பேர் பட்டியல் சனிக்கிழமை சாயங்காலம்தான் அனுப்பணும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றார்.

செல்லக்கண்ணு வெளியே வந்து அழவில்லை. "நான் மடச்சிம்மா" என்றாள். "நீ இல்லடி, நான்" என்றேன். அதை அவள் நம்பவில்லை.

இருந்தது மூன்று நாள். ஒவ்வொன்றாகப் புதிதாகக் கற்பிக்க நேரம் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது பலகை நினைவுக்கு வந்தது. சொல்லை அழிப்பதுபோல் ஆளை அழித்தால்? புதன்கிழமை காலை காட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலை தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, நாங்க சேர்ந்து அவ கல்யாணத்தைக் கெடுத்துட்டோமா?" என்றாள்.

"இன்னிக்கு ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் வாயைத் திறக்கக் கூடாது. அவங்களோடதை இவதான் சொல்லணும். மத்தவங்க வழக்கம்போல" என்றேன்.

காலை முழுக்க இரண்டாவது கட்டளை வரும் இடத்தில் மௌனம். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வெங்காயத்தை அரிவாள். செல்லக்கண்ணு அவளைப் பார்ப்பாள், பார்த்துப் பார்த்து, கடைசியில் அவளிடமிருந்து பிடுங்குவதுபோல் சொல்லிவிடுவாள். அன்று இரண்டு பேரை அழித்தோம். வியாழக்கிழமை மூன்று பேர். வெள்ளிக்கிழமை மீதி மூன்று பேரையும் முடித்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் மதியத்துக்குள் வெங்காயம் தீர்ந்துவிட்டது. மூட்டை கட்டச் சொல்லி ஆள் வந்துவிட்டார், வரிசை கலைந்தது. அஞ்சலை மட்டும் அழியாமல் நின்றாள்.

திரும்புகிற வழியில் கேட்டபோது செல்லக்கண்ணு ஒன்பதாவது கட்டளையைத் தனியாகச் சொன்னாள். எட்டாவதிலிருந்து தொடர்ந்து வந்தால் நின்றாள். சாயங்காலம் வரைக்கும் சொல்லிப் பார்த்தோம். நாலு தடவையில் இரண்டு தடவை வந்தது. அதற்கு மேல் அவளை நச்சரித்தால் வருவதும் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை. கடிகாரம், கண்ணாடி, புத்தகம், பென்சில். முதல் கட்டளை. நின்றாள், ஆனால் திரும்பவில்லை. இரண்டாவது. மூன்றாவது. முழ நீளத்து நான்காவது. நான் என் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். எட்டாவது வரைக்கும் வந்தாள். அங்கே நின்றாள்.

பென்சில் எழுந்தது. தொடக்கத்திலிருந்து மறுபடி வந்தாள். எட்டாவதில் மறுபடி நின்றாள். பென்சில் இரண்டாம் முறை எழுந்தது.

மூன்றாவது முறையும் தொடக்கத்திலிருந்து வந்தாள். எட்டாவதைச் சொல்லி முடித்தாள். அங்கேயே நின்றாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பென்சில் எழப் போகிறது என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழவில்லை. ஐயர் கண்ணை மூடியபடியே தன் கனத்த குரலில் தானே தொடர்ந்தார். பிறனுடையதை இச்சிக்காதே என்கிற பத்தாவது கட்டளையை.

"ஐயா, ஒண்ணு வுட்டுட்டீங்க" என்றாள் செல்லக்கண்ணு. சொன்ன வேகத்தில் ஒன்பதாவதை முழுதாகச் சொன்னாள். பத்தாவதையும் சொன்னாள். சொன்ன பிறகுதான் யாரைத் திருத்தினோம் என்பது உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐயர் கண்ணைத் திறந்தார். "ஆமா, வுட்டுட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "சுகந்தியம்மா, பேரை எழுதிக்குங்க. டீ சொல்லுங்க" என்றார்.

அவர் தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? மாற்றலாகிப் போகிற நாளில் கேட்டேன். "கட்டளையை அவ சொன்னாளா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் அவரிடம் பேச்சு எடுபடாது. ஒன்பது வருஷத்தில் அந்த ஒருமுறை தவிர அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டு நான் கேட்டதில்லை.

திடப்படுத்தல் நடந்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். லெந்து என்கிற தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் எங்கள் கோயிலிலேயே கல்யாணம். முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் தாவீதின் அம்மா பட்டுச் சேலையோடு, மூடிய புத்தகம் மடியில் இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சுகளில் அந்த எட்டுப் பெண்களும் தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாக வந்து நின்றார்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல், முழு ஆராதனையும் நின்றே இருந்தார்கள்.

சங்கீதம் வந்தது. ஒரு வசனம் ஐயர் சொல்ல, அடுத்த வசனம் சபை சொல்ல வேண்டும். ஐயர் முதல் வசனத்தைச் சொல்லி முடித்தார். சபையார் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்னாலிருந்து எட்டுக் குரல், வெங்காயக் காட்டில் சொன்ன அதே சத்தத்தில், இரண்டாம் வசனத்தைச் சொல்லியது. ஐயர் ஒரு நொடி நின்று மூன்றாவதைச் சொன்னார். நான்காவதும் பின்னாலிருந்துதான் வந்தது. தாவீதின் அம்மா திரும்பிப் பார்த்தார். என் பக்கம் குனிந்து, "இவங்கல்லாம் எந்தச் சபைம்மா?" என்று கேட்டார். "பொண்ணு கூட வேலை பாக்குறவங்க" என்றேன். அந்தம்மா அவசரமாகப் புத்தகத்தைத் திறந்து சங்கீதத்தைத் தேடினார். அவர் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு வசனமும் முடிந்துவிட்டது. செல்லக்கண்ணு திரும்பவில்லை, முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அஞ்சலைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. "அவளுக்குத்தான் தனியாச் சொல்ல வந்துடுச்சே அஞ்சலை. நீங்க எதுக்கு அவ்வளவு சத்தமா?" என்று கேட்டேன்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பரிச்சை. நீ சொன்ன, வாய மூடிக்கிட்டோம். இன்னிக்குக் கல்யாணம்மா. இன்னிக்கும் அவளைத் தனியா வுடுவோமா?"